தொட்டிப்பாலத்தில் லாரி ஓடுமா?

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்து போகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இதுல லாரி போனா தாங்குமா?"

பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களில் நிற்கிறது பாலம். இந்தக் குன்றுக்கு வந்த வாய்க்கால் தண்ணீரை அந்தக் குன்றுக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. தொட்டியின் அகலம் ஏழரை அடி, உயரம் 7 அடி. விளிம்பு வரை நிறைந்தால் மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 5 டன் தண்ணீர். கல் ஏற்றிய பத்துச் சக்கர டாரஸ் லாரி 28 டன். ஒன்பது மீட்டர் நீளம் என்று வைத்தால் மீட்டருக்கு 3 டன்தான். (நம்மூர் டாரஸ்கள் அனுமதித்த எடையோடுதான் போகின்றன என்று நம்புவோம்.) ஆக, ஒரு வரிசை லாரியைவிடத் தண்ணீர்தான் கனம்.

ஆனால் தண்ணீர் பிரேக் போடாது. லாரி போடும். அந்த உந்தல் தூணின் தலையைத் தள்ளும். கடப்பாரை நீளமாக இருந்தால் பாறை லேசாகப் பெயர்கிறதல்லவா? அதுபோலத் தூண் உயர உயர, அடிவாரத்தில் அதன் விளைவு பெருகும். பக்கவாட்டுக் காற்றும் அப்படியே.

'தூணை நெருக்கி வைத்துவிட்டால்?' மாத்தூரில் சுமார் 40 அடிக்கு ஒரு தூண். மலைப் பள்ளத்தில் ஒவ்வொரு தூணுக்கும் பாறை வரை தோண்ட வேண்டும், குறைத்தால் லாபம். குறைத்தாலோ, இடைவெளி இரட்டிக்கும்போது சொந்த எடையால் பாலம் வளையும் விளைவு நான்கு மடங்காகிறது. அதற்கு மருந்து, கனம் குறைந்தும் எளிதில் வளையாத, உள்ளே கூடான பெட்டி. பாருங்கள், தொட்டியின் இரு பக்கச் சுவர்களே உத்தரமாக வேலை செய்கின்றன. அதற்கு மூடி போட்டு மேலே தார் போட்டால் நெடுஞ்சாலைப் பாலத்தின் 'பாக்ஸ் கர்டர்'! பள்ளத்தில் சாரம் கட்டாமலே, தூணின் தலையிலிருந்து இருபுறமும் காவடிபோல் சமன் பார்த்து அதை நீட்டிக்கொண்டே போகலாம்.

அடுத்த எதிரி வெயில். 1204 அடி கான்கிரீட், 20 டிகிரி சூடேறினால் சுமார் 7 சென்டிமீட்டர் நீளும், நான்கு விரல் அகலம். அதற்குத்தான் இடையில் இடைவெளி விட்ட ஜாயின்ட். வண்டி ஏறும்போது 'டக்' என்று கேட்பது அதுதான். பிரான்சின் மியோ பாலத்தில் (2004) தளமே 2460 மீட்டர். அங்கே தூண்களின் உச்சி 90 மீட்டரை இரண்டு மெல்லிய கால்களாகப் பிளந்துவிட்டார்கள். தளம் நீண்டால் அவை அதோடு சற்றே வளைந்து கொடுக்கும். பிளக்காத கீழ்ப்பகுதி காற்றுக்கு அசையாமல் நிற்கும்.