512 பைட் இடத்தில் 536 பைட்

"என் மகளுக்குப் பொறியியலில் சைபர் செக்யூரிட்டி பிரிவு கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் புரட்டினால், அடுத்தவர் கணினிக்குள் நுழைவது எப்படி என்று ஒரு தாளே இருக்கிறது. இதையெல்லாம் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெற்றவரின் கவலை நியாயமானது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். காரணத்தை விளக்க, பல்கலைக்கழகங்களே பலியான ஒரு பழைய சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

1988 நவம்பர் 2. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த ராபர்ட் மாரிஸ், தான் எழுதிய நிரல் ஒன்றை எம்ஐடியில் இருந்த ஒரு கணினி வழியாக இணையத்தில் விட்டார். கணினிக்குக் கணினி தன்னையே நகலெடுத்துப் பரவும் நிரல் அது. ஒரே கணினியில் பல நகல்கள் ஓடத் தொடங்கியதும் கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அன்றைய இணையம் மொத்தமே ஏறக்குறைய 60,000 கணினிகள்தான். அதில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பெர்க்லி, எம்ஐடி, பர்டியூ பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள் அதைப் பிரித்துப் படித்து மருந்து கண்டுபிடித்தார்கள். அதே மாதத்தில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான தார்பா, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரகாலக் குழு ஒன்றை அமைத்தது. இந்தியாவின் செர்ட்-இன் உட்பட, இன்று பல நாடுகளில் இயங்கும் 'செர்ட்' அமைப்புகளுக்கு அதுதான் முன்னோடி. மாரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்காலத்தில் அவர் எம்ஐடியிலேயே பேராசிரியரானார்.

அந்த நிரல் உள்ளே நுழையப் பல வழிகளை வைத்திருந்தது. எளிய கடவுச்சொற்களை ஊகித்தது, மின்னஞ்சல் நிரலில் இருந்த ஓட்டையையும் பயன்படுத்தியது. எனக்கு இன்றும் வியப்பு அடங்காத வழி வேறொன்று.

அந்தக் காலத்து யூனிக்ஸ் கணினிகளில் 'ஃபிங்கர்' என்று ஒரு சேவை இருந்தது. ஒரு பெயரை அனுப்பினால், அந்தப் பெயரில் இருப்பவரைப் பற்றிய விவரத்தைத் திருப்பி அனுப்பும். வரும் பெயரை வைத்துக்கொள்ள நினைவகத்தில் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எந்தப் பெயரும் அவ்வளவு நீளம் இருக்காது. ஆனால் வரியைப் படித்த 'கெட்ஸ்' என்ற சி மொழி ஃபங்ஷனுக்கு (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு) அந்த 512 பற்றி எதுவும் தெரியாது. வரி முடியும் வரை எழுதிக்கொண்டே போவது மட்டுமே அதற்குத் தெரியும். மாரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது.

மிச்சம் 24 பைட் எங்கே போயிற்று? ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியில் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த 512 பைட் இடம் போன்ற, ஃபங்ஷனின் சொந்த மாறிகளும் அங்கேயேதான் அடுத்தடுத்து உட்காருகின்றன. ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சிறிய முகவரியை நோக்கி வளர்கிறது. எழுத்துகளை நிரப்பும்போதோ சிறிய முகவரியிலிருந்து பெரிய முகவரிக்குப் போகிறோம். எதிரெதிர்த் திசைகள்! எனவே இடம் போதாமல் வழியும் எழுத்துகள், முன்பே குறித்து வைத்த திரும்பும் முகவரியின் மேலேயே போய் விழுகின்றன. ஃபங்ஷன் முடிந்ததும், அனுப்பியவர் எழுதிய முகவரிக்குக் கணினி சாதுவாகப் போய் நிற்கிறது. அந்த முகவரியில் என்ன இருக்கும்? அதே 536 பைட்டுக்குள் அவர் ஒளித்து அனுப்பிய கட்டளைகள்.

அந்த 536-ல் முதல் 400 பைட்டும் 'எதுவும் செய்யாமல் அடுத்ததற்குப் போ' என்ற ஒரே கட்டளை. முகவரியைத் துல்லியமாகக் கணிக்க முடியாவிட்டால்கூட, அந்த 400-ல் எங்கே போய் விழுந்தாலும் நழுவிக்கொண்டே உண்மையான கட்டளைக்கு வந்துசேரலாம்.

ஸ்டாக்கை மேல்நோக்கி வளரவிட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். முடியாது. அப்படி வைத்தால் கெட்ஸ் ஃபங்ஷனின் சொந்தத் திரும்பும் முகவரி வழிகிற பாதையில் வந்து உட்கார்ந்துவிடும். கோளாறு திசையில் இல்லை. அடுத்தவர் தரும் எழுத்தையும், எங்கே போவது என்ற கட்டுப்பாட்டையும் ஒரே இடத்தில் கலந்து வைத்திருப்பதுதான் கோளாறு.

இதற்குப் பத்தாண்டு கழித்து, 1998-ல், ஒரிகன் மேற்படிப்பு நிறுவனத்தில் கிரிஸ்பின் கோவனும் உடனிருந்தவர்களும் அழகான காவல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாறிகளுக்கும் திரும்பும் முகவரிக்கும் நடுவே ஓர் எண்ணை வைத்துவிடுவது. ஃபங்ஷன் திரும்பும் முன் அந்த எண் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. மாறியிருந்தால் யாரோ வழியவிட்டிருக்கிறார்கள். நிரலை அங்கேயே நிறுத்திவிடலாம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கூண்டில் கொண்டுபோன குருவியின் பெயரால் இதைக் 'கேனரி' என்கிறார்கள்.

இன்றைய 64 பிட் லினக்ஸில் கேனரி 8 பைட். நிரல் தொடங்கும்போதெல்லாம் புதிதாக, கண்டபடி தேர்வாகும். அதில் முதல் பைட் மட்டும் எப்போதும் பூஜ்யம். வேண்டுமென்றே வைத்த பூஜ்யம் அது. சி மொழியில் சரம், அதாவது எழுத்துகளின் வரிசை, முடிந்தது என்பதற்கு அடையாளமே பூஜ்ய பைட்தான். சரத்தை நகலெடுக்கும் ஃபங்ஷன்கள் அதைக் கண்டால் நின்றுவிடும். திருடர் சரியான கேனரியை எழுத நினைத்தாலும் முதல் பைட்டிலேயே அவருடைய நகல் முடிந்துபோகும். சரத்தை அச்சிடும்போது கேனரி தவறிப்போய் வெளியே கசிவதும் அந்தப் பூஜ்யத்தால் தடைபடும். ஒரே ஒரு பைட், இரண்டு கதவுகளைச் சாத்துகிறது.

கெட்ஸ் போலப் பூஜ்யத்தைப் பொருட்படுத்தாமல் எழுதிக்கொண்டே போகும் ஃபங்ஷனாக இருந்தால்கூட, மீதி 7 பைட்டை ஊகிக்க ஏறத்தாழ 720 கோடி கோடி வாய்ப்புகள். நடக்காத காரியம் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கேதான் மாணவர்களின் மூளை வேலை செய்ய வேண்டும். பல சர்வர்கள், இணைப்பு வரும்போதெல்லாம் தன் பிரதி ஒன்றை உருவாக்கி அதனிடம் வேலையைக் கொடுக்கின்றன. பிரதி செத்தாலும் தாய் நிரல் சாகாது. அடுத்த பிரதிக்கும் அதே கேனரிதான். எனவே 8 பைட்டையும் ஒன்றாக ஊகிக்கத் தேவையில்லை. ஒரு பைட் மட்டும் வழியவிடுங்கள். பிரதி செத்தால் ஊகம் தவறு, உயிரோடு பதில் சொன்னால் சரி. ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 256 முயற்சி. அது பிடிபட்டதும் அடுத்த பைட். ஏழுக்கும் சேர்த்து 7 × 256 = 1,792. கோடி கோடியாக இருந்தது, சில நொடிகளில் முடிகிற வேலையாகிவிட்டது.

புத்தகத்தில் 'கேனரி ஒரு பாதுகாப்பு முறை' என்று இரண்டு மதிப்பெண் விடை எழுதியவருக்கு இது தோன்றாது. தானே உடைத்துப் பார்த்தவருக்குத் தோன்றும். நாளை அவர் ஒரு வங்கியின் சர்வரை எழுதும்போது, ஒவ்வொரு பிரதியும் புதிய கேனரியோடு பிறக்கும்படி அமைப்பார்.

இந்தப் பயிற்சிக்காகவே பல்கலைக்கழகங்கள் கொடி பிடிக்கும் போட்டிகளை ('கேப்சர் த ஃப்ளாக்', சுருக்கமாக சிடிஎஃப்) நடத்துகின்றன. வேண்டுமென்றே ஓட்டை வைத்த நிரலைக் கொடுப்பார்கள். உள்ளே ஒளித்து வைத்த ரகசியச் சரம்தான் கொடி. கார்னெகி மெலன் 2013-ல் தொடங்கிய பிகோசிடிஎஃப் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து நடத்தும் இலவசப் போட்டி. 2022-ல் அதில் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' (ஒதுக்கிய இடம் நிரம்பி வழிவது) என்ற பெயரில் படிப்படியாகக் கடினமாகும் கணக்குகள் வந்தன. கேனரியைப் பைட் பைட்டாகப் பிடிப்பது அதில் கடைசிப் படி. இந்தியாவில் அம்ரிதா பல்கலைக்கழகம் 'இன்சிடிஎஃப்' போட்டியை நடத்துகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர்கள் 'சிட்டிசன் கிளினிக்' என்ற பெயரில் தொடங்கிய அமைப்பின் வழியாக, சொந்தமாகப் பாதுகாப்பு வல்லுநரை வைத்துக்கொள்ள முடியாத தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள். நம் ஊர்க் கல்லூரி ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

சென்னை ஐஐடியில் 'சக்தி' என்ற பிராசசர் சில்லை வைத்து, நினைவகத்தில் நடக்கும் இந்தக் குளறுபடியை வன்பொருளிலேயே தடுக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நோயின் வேருக்கே போகும் வேலை அது. இத்தகைய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதில் நாம் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. பிரிவின் பெயரை மாற்றிப் பலகை வைப்பதற்குச் செலவாகும் கவனத்தில் ஒரு பங்கு, வெளி இணையத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வகத்துக்கும் அதை நடத்தத் தெரிந்த ஆசிரியருக்கும் போனால் போதும்.

சட்டத்தை மட்டும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் தீய நோக்கத்தோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பயிற்சியெல்லாம் சொந்தக் கணினியிலும் போட்டித் தளத்திலும் மட்டுமே.

வகுப்பு தொடங்கும் முன்பே உங்கள் மகள் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். லினக்ஸில் 16 எழுத்துக்கு மட்டும் இடம் வைத்து, கொடுத்த சரத்தை அங்கே நகலெடுக்கும் சிறிய சி நிரல் ஒன்றை எழுதட்டும். கேனரியை அணைத்துத் தொகுத்து (கம்பைல் செய்து) 40 எழுத்து கொடுத்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழும். அதையே கேனரியோடு தொகுத்து, அதே 40 எழுத்தைக் கொடுத்தால் 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று அறிவித்துவிட்டு நிற்கும். இரண்டு முறையும் அந்த எழுத்துகள் நினைவகத்தில் எங்கெங்கே போய் விழுந்தன என்று காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.