எம்.எல்.ஏ. ஆக என்ன தகுதி வேண்டும்? மனு, டெபாசிட், சம்பளம், பதவியின் ஆயுள்

எம்.எல்.ஏ. பதவிக்கு வயது வரம்பு உண்டு, படிவம் உண்டு, கட்ட வேண்டிய பணமும் உண்டு. படிப்புத் தகுதி மட்டும் கிடையாது. பத்தாவது முடிக்காதவரும் நிற்கலாம், டாக்டர் பட்டம் வாங்கியவரும் நிற்கலாம். ஆனாலும் அதெல்லாம் பணக்காரர்களுக்கும் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான் என்று ஒதுங்கிவிடுகிற இளைஞர்கள் ஏராளம். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. அது என்ன கேட்கிறது, ஜெயித்தால் என்ன கிடைக்கும், எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைத் தமிழ்நாட்டை வைத்துப் பார்ப்போம்.

அரசமைப்புச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, இந்தியக் குடியுரிமையும் 25 வயதும் இருக்க வேண்டும். வயதைக் கணக்கிடும் நாள் வேட்புமனு பரிசீலனை நாள். ஓட்டுப்போடும் நாளுக்குள் 25 ஆகிவிடும் என்ற வாதம் எடுபடாது. அப்புறம், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்பதில்லை. தூத்துக்குடியில் ஓட்டு உள்ளவர் ஓசூரில் தாராளமாக நிற்கலாம். எம்.பி. தேர்தல் என்றால் இந்தியாவில் எங்கே ஓட்டு இருந்தாலும் சரி. சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2 இடங்கள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அவர்கள் பொதுத் தொகுதிகளிலும் நிற்கலாம்.

வேட்புமனு: சறுக்கல் இங்கேதான்

பிரசாரத்துக்குப் போகும் முன்பே பலர் வெளியேறிவிடும் இடம் இது. மனு தாக்கல் நேரம் காலை 11 முதல் மாலை 3 மணி வரை மட்டுமே. தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரமில்லாத கட்சியின் வேட்பாளருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒருவருடைய ஓட்டு பக்கத்துத் தொகுதியில் இருப்பது தெரிந்தால் மனுவே அடிபடும். "எங்க தெருக்காரர்தானே" என்று நம்பிக் கையெழுத்து வாங்காதீர்கள். தொகுதி மறுவரையறையில் ஒரே ஊரின் தெருக்கள்கூட இரண்டு தொகுதிகளுக்குப் போயிருக்கின்றன. ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலில் நேரில் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் ஓட்டு வேறு தொகுதியில் இருந்தால், அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பரிசீலனையின்போதாவது காட்ட வேண்டும். மனு தாக்கல் செய்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பாக, அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை எடுக்க வேண்டும். இதை மறந்து மனுவை இழந்தால் அதைவிட வருத்தம் வேறில்லை.

அடுத்தது 26-ஆம் எண் படிவத்தில் தரும் பிரமாணப் பத்திரம். நிலுவையில் உள்ள வழக்குகள், நகை, நிலம், வங்கி இருப்பு, கடன், படிப்பு எல்லாம் இதில் வரும். கணவன் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் சொத்தும் சேரும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. கடன் இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். காலியாக விட்ட இடத்தை நிரப்பச் சொல்லித் தேர்தல் நடத்தும் அலுவலர் நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குற்ற வழக்கு இருப்பவர்கள் அந்த விவரத்தைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும்.

டெபாசிட்டும் செலவுக் கணக்கும்

சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி, பொதுத் தொகுதியில் நின்றாலும் பாதிதான். செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பக் கிடைக்கும். 1,80,000 செல்லத்தக்க ஓட்டுகள் என்றால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். நோட்டா ஓட்டுகள் இந்தக் கணக்கில் சேராது.

செலவு வரம்பு 2022-இல் உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். இது உச்சவரம்பு. அவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு வரும் நாள்வரை தினசரிக் கணக்கு எழுதி, முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். "நமக்குக் கிடைத்ததே முந்நூறு ஓட்டு, கணக்கு எதற்கு?" என்று விட்டுவிட்டால், தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம்.

இப்போதைய வேலை என்ன ஆகும்?

அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றோர் பதவியில் இருந்துகொண்டே நிற்க முடியாது. ஆதாயம் தரும் பதவி என்ற தடை குறுக்கே வரும். ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது, பரிசீலனை நாளுக்குள் அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். தோற்றால் அந்த வேலை தானாகத் திரும்பி வராது. குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்றால், அவசரத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

மாநில அரசோடு பொருள் வழங்கவோ பணி செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் உள்ளவரும் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. சாலைப் பணியை முழுவதும் முடித்துக் கொடுத்துவிட்டு அரசிடமிருந்து பில் பணம் மட்டும் பாக்கி என்றால் தடை இல்லை. வழக்கறிஞர்கள் எம்.எல்.ஏ. ஆன பிறகும் வழக்காடலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்தத் தொழிலையும் தொடரலாம்.

சம்பளம்

2017-இல் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் மாத வருமானம் 55,000-லிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த 1,05,000-இல் சம்பளம் என்பது 30,000 மட்டுமே, மற்றதெல்லாம் படிகள். தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, தொலைபேசிப் படி 7,500 என்று போகும். தினமும் குறை சொல்ல வருகிறவர்களைச் சந்திக்க அலுவலகம், ஆள், வண்டி என்று நேர்மையாக நடத்தினால் படிகள் அதற்கே சரியாகிவிடும். எம்.பி.க்கு 2023 ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் 1,24,000. முன்னாள் எம்.பி.க்கு ஓய்வூதியம் 31,000. முன்னாள் எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓய்வூதியம் உண்டு.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பலர் எம்.எல்.ஏ. கைக்கு வரும் பணமாக நினைக்கிறார்கள். அது தவறு. இன்ன ஊரில் இன்ன வேலை என்று உறுப்பினர் பரிந்துரைப்பார். மதிப்பீடு, அனுமதி, பில் எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் கையில். எம்.பி.க்கும் அப்படித்தான், ஆண்டுக்கு 5 கோடி.

பதவியின் ஆயுள்

ஐந்து ஆண்டு என்பது பேரவையின் முதல் கூட்ட நாளிலிருந்து. இடையில் பேரவை கலைந்தால் பதவியும் போச்சு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் தகுதிநீக்கம். விடுதலையாகி ஆறு ஆண்டுகள்வரை நிற்கவும் முடியாது. மேல்முறையீடு செய்திருக்கிறேன் என்று பதவியில் நீடிக்க முன்பு சட்டம் இடம் கொடுத்தது. 2013-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்தது. கட்சியை விட்டுத் தானாக விலகினாலும், அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தரும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் பதவி போகலாம். முடிவெடுப்பவர் சபாநாயகர். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் இதே கதிதான். பேரவையின் அனுமதியில்லாமல் 60 நாள் எந்தக் கூட்டத்துக்கும் வராதவரின் இடத்தைக் காலி என்று பேரவை அறிவிக்கலாம்.

வாய்ப்பு எவ்வளவு?

2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களுக்கு ஏறத்தாழ 4,000 பேர் நின்றார்கள். சராசரியாக ஓர் இடத்துக்குப் பதினேழு பேர். ஜெயித்த பிறகும் மேலே போகும் படிகள் குறைவு. அமைச்சரவை அவையின் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், முதல்வரையும் சேர்த்து 35 பேருக்குத்தான் இடம். மற்றவர்களின் வேலை கேள்வி நேரம், மானியக் கோரிக்கை விவாதம், பொதுக் கணக்குக் குழு போன்ற குழுக்கள். இதில் உழைத்துப் பெயர் வாங்கியவருக்கே அடுத்த முறை கட்சி சீட் தராமல் போகலாம், அதைத் தட்டிக் கேட்க எந்த விதியும் இல்லை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் அடுத்துத்தான் அது நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே இருக்கிறது.

அதனால், உண்மையிலேயே மக்கள் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உள்ளாட்சியைத்தான் முதலில் காட்டுவேன். வயது 21 போதும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகள் உண்டு. இடங்களில் பாதி பெண்களுக்கு. இந்த இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஆகவே சீட்டுக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டாம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது, அந்த வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் இன்றே விசாரிக்கலாம்.