வாடை இல்லாத போதை

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, மதுரையில் டாஸ்மாக் கடைகளோடு பள்ளிக்கூட வாசலில் இருந்த பெட்டிக்கடைகளும் சேர்ந்தே மூடப்பட்டன. இடையில் சில வாரங்கள் தளர்வு கிடைத்தாலும், ஜூன் 24 முதல் மாநகராட்சிப் பகுதியும் பரவைப் பேரூராட்சியும் கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களும் மீண்டும் முழு ஊரடங்குக்குள் போயின. அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் வீட்டிலிருந்தே திரையில் பார்த்தார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது அடுத்த ஆண்டு ஜனவரி 19இல்தான். பள்ளி, டியூஷன், பேருந்து நிறுத்தம், வைகை மணலில் கிரிக்கெட் என்று விரிந்து கிடந்த பதினைந்து வயதுப் பையனின் உலகம், ஏறத்தாழ பத்து மாதங்களுக்குச் செல்லூரிலோ வில்லாபுரத்திலோ உள்ள இரண்டு அறைகளுக்குள் அடங்கியது.

கெட்ட சகவாசம் விட்டுப்போயிற்று, கூடவே போதைப் பழக்கமும் விட்டுப்போகும், அது ஒன்றாவது நல்லது என்று அப்போது ஆறுதல் கொண்ட பெற்றோர் உண்டு. அவர்களுடைய கணிப்பு பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, பதின்ம வயது மூளை கூட்டத்தில் இருக்கும்போது எப்படி வேலை செய்கிறது, தனியே அடைபடும்போது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில், சரியாக இருந்த பாதி. அமெரிக்காவில் 1975 முதல் பள்ளி மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடத்தப்படும் போதைப் பழக்கக் கணக்கெடுப்பு, சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்பாடு அதுவரை எந்த ஓர் ஆண்டிலும் காணாத அளவுக்கு 2021இல் குறைந்ததாகக் காட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஊரடங்கின் தொடக்க வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரிடம் எடுக்கப்பட்ட ஆய்விலும் பெரும்பாலான பொருள்களைப் பயன்படுத்துவோரின் விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அதே ஆய்வில், நிறுத்தாமல் தொடர்ந்தவர்கள் மதுவையும் கஞ்சாவையும் முன்பைவிட அதிக நாட்கள் பயன்படுத்தியிருந்தார்கள். ஊரடங்கில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியவர்களில் 49.3 விழுக்காட்டினர் தனியே இருந்து அதைச் செய்ததாகச் சொன்னார்கள். ஒன்டாரியோ வீடு வேறு, செல்லூர் வீடு வேறு என்பது உண்மைதான். ஆயினும் ஊரடங்கு ஒரு சல்லடையைப் போல வேலை செய்தது என்பதை இந்த எண்கள் தெளிவாகவே காட்டுகின்றன: தோழர்களுக்காகப் பழகியவர்கள் கீழே உதிர்ந்துவிட்டார்கள், வேறு எதற்காகவோ பழகியவர்கள் மேலே தங்கிவிட்டார்கள்.

உதிர்ந்தவர்கள் ஏன் உதிர்ந்தார்கள்? டோபமைன் என்றாலே இன்பம் தரும் வேதிப்பொருள் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது துல்லியமான விவரிப்பு ஆகாது. நடுமூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம், முன்மூளையின் உட்புறம் இருக்கும் வெகுமதி மையத்துக்கு டோபமைனை அனுப்புகிறது. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டியபடி, இந்த நரம்பணுக்கள் முதலில் பழச்சாறு கிடைக்கும்போது துடிக்கும். பழகிய பிறகு, பழச்சாறு வரப்போவதை அறிவிக்கும் விளக்கு எரியும்போதே துடித்துவிடும். கீழவாசல் பக்கம் வண்டி திரும்பும்போதே ஜிகர்தண்டாவுக்கு நாக்கு ஊறுவதை நாம் எல்லோரும் அறிவோம். டோபமைன் சுமந்து வருவது அந்த எதிர்பார்ப்பின் குறிப்பைத்தான். பதின்ம வயதில் இந்த அமைப்பு மிகவும் விழிப்பாக இருக்கிறது. அதற்குக் கடிவாளம் போடும் முன்புற மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கோ இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோது பெரியவர்களைப் போலவே நிதானம் காட்டிய 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது பெரும் ஆபத்துகளைத் துணிந்து ஏற்றார்கள். நண்பனின் பார்வையே அவர்களுக்கு ஒரு வெகுமதி. தெருமுனையில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிற பையனுக்குக் கிடைக்கும் பரிசில் பெரும்பங்கு நிக்கோட்டினிலிருந்து வருவதில்லை, சுற்றி நிற்கும் நாலு பேரிடமிருந்து வருகிறது. அந்த நாலு பேரும் இல்லையென்றால் பற்றவைக்கக் காரணமும் இல்லை.

சல்லடையின் மேலே தங்கியவர்களின் கதைதான் கவனமாகப் படிக்க வேண்டியது. லிவியா தோமோவாவும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 40 பேரைப் பத்து மணி நேரம் ஆள் தொடர்பே இல்லாமல் தனி அறையில் இருக்கச் செய்து, பிறகு அவர்களுடைய மூளையைப் படம்பிடித்தார்கள். மனிதர்கள் சேர்ந்து பேசிச் சிரிக்கும் படங்களைக் கண்டபோது அவர்களின் நடுமூளை துடித்த விதம், பத்து மணி நேரம் பட்டினி கிடந்தவர்கள் உணவுப் படத்தைக் கண்டபோது துடித்த விதத்தை ஒத்திருந்தது. தனிமையும் ஒரு பசிதான் என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னால் அது உவமை. 2020இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு அதை வெறும் உவமை என்று தள்ளிவிட முடியவில்லை.

ஏழு பேர் இருக்கும் வீட்டில் தனிமை எங்கிருந்து வந்தது என்று தாத்தா கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் பதின்ம வயதில் மூளை தேடுவது ஒத்த வயதினரின் துணையை; அம்மா, அப்பா, தாத்தா எல்லோரும் கூடி உட்கார்ந்தாலும் அந்த இடம் நிரம்புவதில்லை. எலிகளில் இந்தக் காலகட்டம் பிறந்து மூன்று வாரம் கழிந்து தொடங்குகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வயது எலிகளைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வளர்த்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆம்ஃபிடமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் கொடுக்கப்பட்ட அறையை அதன் போதையோடு இணைத்துக் கற்றுக்கொள்வதில் தனித்து வளர்ந்த எலிகள் கூட்டத்தில் வளர்ந்தவற்றை முந்திக்கொண்டன. கற்றதை மறப்பதில் பின்தங்கின. மீண்டும் கூட்டத்தோடு சேர்த்து வைத்த பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. நடுமூளை நரம்பணுக்களின் இணைப்புகளே எளிதில் வலுப்படும் நிலைக்கு மாறியிருந்தன. தனிமை அந்த மூளையை மந்தமாக்கவில்லை என்பதே இதில் வியப்பு. வெகுமதியைக் கற்கும் திறனை அது கூர்மையாக்கியது, கற்பதற்குக் கையில் கிடைத்தது மட்டும் போதையாக இருந்தது. 2018இல் மார்கோ வெனிரோவின் குழு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: ஒரு நெம்புகோலை அழுத்தினால் போதைப்பொருள், இன்னொன்றை அழுத்தினால் துணை எலி இருக்கும் கூண்டின் கதவு திறக்கும் என்று வைத்தபோது, போதைக்குப் பழகிய எலிகள்கூடத் துணையையே தேர்ந்தெடுத்தன. எலியை வைத்து மனிதனை அளந்துவிட முடியாது. ஆனால் ஊரடங்கு இரண்டாவது நெம்புகோலைப் பிடுங்கிவிட்டது என்ற எண்ணத்தை இந்தச் சோதனையைப் படிக்கும் எவராலும் தவிர்க்க முடியாது.

இனி, கையில் கிடைத்தது எது என்ற கேள்வி. அடைபட்ட வீட்டில் பீடியின் புகையை மறைக்க முடியாது. மதுவின் வாடை அடுத்த அறைக்கு எட்டிவிடும். அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வொன்றில், ஊரடங்கின்போது மது குடித்தவர்கள் குறைந்து, நிக்கோட்டினைப் பயன்படுத்தியவர்களும் மருந்து மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் கூடியிருந்தார்கள். வீடு என்பது வாடை இல்லாததையே அனுமதிக்கும் ஒரு வடிகட்டி என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் பக்கத்தில் அந்த இடத்துக்குப் பொருந்தி வருவது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கும் புகையிலைப் பொட்டலம், பிள்ளைகள் வாயில் ‘கூல் லிப்’. தமிழகத்தில் 2013 முதல் குட்காவும் மெல்லும் புகையிலையும் தடை செய்யப்பட்டிருந்தும், பள்ளி மாணவர்களிடையே இது பரவுவது கண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 செப்டம்பரில் இதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப்பொருளாக ஏன் அறிவிக்கக் கூடாது என்று கேட்டது.

இது வேலை செய்யும் விதம் எளிது. அமிலத்தன்மை உள்ள சூழலில் நிக்கோட்டின் மின்னூட்டம் பெற்றிருக்கும், அந்நிலையில் வாயின் மென்தோலை அதனால் எளிதில் கடக்க முடியாது. காரத்தன்மை கூடினால் மின்னூட்டம் நீங்கி, தோலைத் தாண்டி நேரே இரத்தத்தில் இறங்கும். உள்ளங்கையில் புகையிலையோடு சுண்ணாம்பு தேய்த்த பெரியவர்கள் இந்த வேதியியலைப் பாடமாகப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். புதினா வாசம் சேர்ந்துவிட்டால் அது மிட்டாய் என்றே தோன்றும். இரத்தத்தில் இறங்கிய நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. நாளுக்குப் பலமுறை நிக்கோட்டின் வந்து போகும் மூளை, அதை ஏற்கும் புரதங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது; நிக்கோட்டின் குறையும் ஒவ்வொரு முறையும் அவை வெறுமையாக நின்று எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்புகின்றன. காலை பதினொரு மணி ஆன்லைன் வகுப்பில் சிடுசிடுக்கும் பையன், அடுத்த பொட்டலத்தை அடக்கியதும் அமைதியாகிறான். பழக்கமே உண்டாக்கிய எரிச்சலைப் பழக்கமே தணிக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. மனசுக்கு இதமாக இருக்கிறது என்றுதான் நினைப்பான். வீட்டாரோ கைபேசியைக் குறை சொல்லியிருப்பார்கள்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்றவற்றை முகரும் பழக்கம் இன்னும் குறைவாகக் கவனிக்கப்படுவது. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே போதை வகை இதுதான்: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. இவற்றில் உள்ள டொலுயீன் என்ற கரைப்பான் கொழுப்பில் கரைவதால், கொழுப்பு மிகுந்த மூளைக்குள் நொடிகளில் புகுந்துவிடும். முதல்முறை முகர்ந்தவருக்கே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனதும் உண்டு.

பள்ளி திறந்தபோது, உதிர்ந்தவர்களுக்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. விட்டுவிட்ட பழக்கத்தின் ஏக்கம் நாளாக ஆகக் குறையும் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். எலிகளிடம் செய்த சோதனைகள், போதையை நினைவூட்டும் குறிப்பைக் கண்டால் எழும் தேடல், நிறுத்திய முதல் சில வாரங்களில் கூடிக்கொண்டே போவதைக் காட்டின. கடை இல்லாததால் நின்றுபோன பையன், கடை திறந்த தெருவில் நண்பர்களோடு மறுபடி நடக்கும்போது, எதிர்பார்ப்பின் அந்த விளக்கு அணையாமல் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.

நிக்கோட்டினை நிறுத்தியவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு வாரங்களில் தணிகின்றன. மூளையில் கூடிப்போன, நிக்கோட்டினை ஏற்கும் அந்தப் புரதங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் பழக்கமில்லாதவரின் அளவுக்குத் திரும்புவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தும் பிள்ளை, பெரும்பாலும் திருந்த மறுத்துக் கத்துவதில்லை. அவன் மூளை அந்த வாரங்களின் முதற்கட்டத்தில் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான எண் 14416. அந்த மூன்றாம் நாள் வருவதற்கு முன்பே அழைப்பது நல்லது.