சிட்காம்: 'சூழ்நிலை நகைச்சுவை' என்றால் போதுமா?

ஒரே களத்தில் அதே மனிதர்களை வாரந்தோறும் காட்டும் நகைச்சுவைத் தொடரைச் சிட்காம் என்கிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வரும்போதெல்லாம் 'சூழ்நிலை நகைச்சுவை' என்று போட்டுவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் எழுதினேன். பிரிட்டிஷ் தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது. 'சூழ்நிலை சரியில்லை, அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்கிறோம். நாளைக்கு மாறிவிடக்கூடியதுதான் நம் பேச்சில் சூழ்நிலை. சிட்காமில் இருப்பதோ மாறவே மாறாத ஒன்று.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'சிட்யுவேஷன் காமெடி' என்பதன் சுருக்கமே சிட்காம். நீண்ட வடிவம் அமெரிக்க ஒலிபரப்புத் துறையில் புழங்கத் தொடங்கியது. சுருக்கம் 1960களில் பரவியது. சிட்யுவேஷனுக்கு வேர் 'சிட்டுஸ்' என்ற லத்தீன் சொல். அதற்கு இடம், ஒன்று அமைந்து கிடக்கும் நிலை என்று பொருள். காமெடி கிரேக்கத்திலிருந்து வந்தது: 'கோமோஸ்' என்றால் கூடிக் குடித்து ஆடிப்பாடும் களியாட்டம், 'ஓய்தே' என்றால் பாட்டு. ஆக, வேரிலேயே இருப்பது இடம்தான்.

பிரிட்டனின் முதல் தொலைக்காட்சி சிட்காம் என்று சொல்லப்படுவது 'பின்ரைட்ஸ் ப்ராக்ரஸ்'. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து 1946-47இல் பிபிசி நேரலையாக ஒளிபரப்பிய தொடர் அது. கதை நடப்பது ஒரு கடையில். பதிவுகள் எதுவும் மிஞ்சவில்லை, புகைப்படங்கள்தான் இருக்கின்றன.

அந்த வகைக்கு உயிர் கொடுத்தவர்கள் என்று நான் நினைப்பது ரே கால்டனையும் ஆலன் சிம்ப்சனையும். இருவரும் காசநோயாளிகளாக ஒரே சானடோரியத்தில் படுத்திருந்தபோது நண்பர்களானவர்கள். வானொலியில் அப்போது நகைச்சுவை என்றால் ஒரு பாட்டு, ஒரு துணுக்கு, நடுவில் ஒரு விருந்தினர் என்று கதம்பமாக இருக்கும். நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்குக்காக இவர்கள் எழுதிய 'ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்' 1954 நவம்பரில் வானொலியிலும் 1956இல் தொலைக்காட்சியிலும் வந்தது. பாட்டு கிடையாது, துணுக்கு கிடையாது. அரை மணி நேரம் முழுக்க ஒரே கதை. தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு, ஈஸ்ட் சீம் என்ற கற்பனைப் புறநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் கிடக்கும் மனிதன், அவ்வளவுதான்.

1962 ஜனவரியில் அதே இருவர் எழுதிய 'தி ஆஃபர்' என்ற தனி நாடகம் வந்தது. 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற தொடர் அதிலிருந்து முளைத்ததுதான். குதிரை வண்டியில் போய்ப் பழைய சாமான் வாங்கிப் பிழைக்கும் அப்பாவும் மகனும். மகன் ஹெரால்டுக்கு வயது முப்பத்தைத் தாண்டிவிட்டது. இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், நல்லபடியாக வாழ வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் தன் உடைமைகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிடுகிறான். அப்பா குதிரையைத் தர மாட்டேன் என்கிறார். அவனே வண்டியை இழுக்கிறான். தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து இழுக்கிறான். வண்டி அசையவில்லை. அங்கேயே உடைந்து அழுகிறான். அப்பா ஆதரவாகப் பேசி வீட்டுக்குள் அழைத்துப் போகிறார். மகனாக நடித்த ஹாரி எச். கார்பெட் உண்மையிலேயே கண்ணீர் விட்டதைக் கண்டு எழுதியவர்களே திகைத்துப்போனார்கள். சிட்காம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த அசையாத வண்டியைத்தான் காட்டுவேன். போக முடியாத இடம், விட முடியாத உறவு: 'சிட்யுவேஷன்' என்பது இதுதான்.

இதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள். 'ஃபால்டி டவர்ஸ்' 1975இலும் 1979இலுமாகச் சேர்த்து மொத்தமே 12 பகுதிகள். மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1970இல் டார்க்கீ ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியபோது, அதன் உரிமையாளர் விருந்தினர்களையே தொல்லையாக நினைத்து நடத்தியதைக் குழுவில் ஒருவரான ஜான் கிளீஸ் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோனி பூத்துடன் சேர்ந்து அதிலிருந்து பேஸில் ஃபால்டியை உருவாக்கினார். மனிதர்களைக் கண்டாலே ஆகாத ஒருவனுக்கு ஹோட்டல் நடத்துவது பிழைப்பு! 'எஸ் மினிஸ்டர்' தொடரில் அமைச்சருக்குத் துறைச் செயலாளரான அதிகாரி இல்லாமல் முடியாது, செயலாளரோடும் முடியாது. 2001இல் வந்த 'தி ஆஃபிஸ்' பார்வையாளர் சிரிப்பொலியை எடுத்துவிட்டது; ஆனாலும் ஸ்லாவ் நகரத்துக் காகித நிறுவனத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதற்குச் சரியான சொல் நம் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கும் கணக்குச் சொல்கிறது: 'எள்ளல் இளமை பேதைமை மடன்'. இந்த நான்கையும் நகையின் 'நிலைக்களன்கள்' என்று தமிழ் வகுப்பில் படித்திருப்போம். நிலைக்களன் என்றால் ஒன்று நிலைகொண்டு பிறக்கும் இடம். லத்தீன் 'சிட்டுஸ்' சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். நிலை என்பதில் மாறாமை இருக்கிறது, களம் என்பதில் இடம் இருக்கிறது. ஆகவே சிட்காமுக்கு நான் பரிந்துரைப்பது 'நிலைக்கள நகைச்சுவை'.

அந்த நான்கில் மடனைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்றைக் கொண்டபின் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே மடன் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். சிட்காம் நாயகனின் இலக்கணமே இதுதான். அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். கற்றுக்கொண்டுவிட்டால் அடுத்த வாரம் தொடர் கிடையாது.

'டாட்ஸ் ஆர்மி' தொடரின் கேப்டன் மானரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம், சின்னக் கடற்கரை ஊர், வங்கி மேலாளர் ஊர்க்காவல் படைக்குத் தலைவர். 1973இல் வந்த ஒரு பகுதியில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவனுக்கு இவர்கள் காவல் இருக்கிறார்கள். தன்னை அவமதிப்பவர்களின் பெயர்களை அவன் குறித்துக்கொண்டே வருகிறான். போரில் வென்றதும் பழிதீர்ப்பானாம். படையிலேயே இளையவனான பைக், ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். 'உன் பெயரும் பட்டியலில் ஏறும், என்ன பெயர்?' என்கிறான் கைதி. மானரிங் உடனே அதட்டுகிறார்: 'அவனிடம் சொல்லாதே, பைக்!' பையனின் இளமை, தலைவரின் மடன் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. அந்த வரியை மட்டும் தனியாகச் சொன்னால் பாதிதான் சிரிப்பு வரும். தான்தான் தலைவர் என்பதை ஒரு கணமும் விட்டுக்கொடுக்காத அந்த மனிதரைப் பல வாரம் பார்த்துப் பழகியவர்களுக்கே முழுச் சிரிப்பும் கிடைக்கும்.

எள்ளல் இடம் தவறிப்போவதும் உண்டு. 1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரில் வெளிநாட்டார் ஆங்கிலம் படிக்கும் மாலை வகுப்புதான் களம். அதில் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். நடித்தவர்களின் திறமையில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டாரையும் ஒற்றைக் கேலி முத்திரைக்குள் அடைத்துவிட்டது என்ற விமர்சனம் நியாயமானது. அங்கே சிரிப்பு பெரும்பாலும் மனிதரின் நிலையிலிருந்து வராமல் அவர் பிறந்த நாட்டிலிருந்து வருகிறது.

எல்லாப் பிரிட்டிஷ் சிரிப்பையும் சிட்காம் என்று எழுதுவதையும் நாம் நிறுத்த வேண்டும். மான்டி பைத்தானின் தொலைக்காட்சி நிகழ்ச்சி சிட்காம் அல்ல. தனித்தனித் துணுக்கு நாடகங்களின் கோவை அது. மிஸ்டர் பீனைப் பட்டியல்களில் சிட்காம் என்றே போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. பீன் எங்கும் மாட்டிக்கொண்டவர் அல்ல. போகுமிடமெல்லாம் புதிதாகக் குழப்பம் செய்கிறவர்.

சுருக்கமாக 'நிலைநகை' என்று வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. இன்றைய காதுக்கு அது கழுத்தில் போடும் நகையாகக் கேட்கும், ஆகையால் விட்டுவிட்டேன். 'நகைச்சுவைத் தொடர்' என்றால் பொதுப்பெயர் ஆகிவிடுகிறது, களம் காணாமல் போகிறது. பேச்சில் சிட்காம் என்றே சொல்லலாம், யாருக்கும் புரியும். எழுதும்போது முதல் இடத்தில் 'நிலைக்கள நகைச்சுவை எனப்படும் சிட்காம்' என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு நிலைக்கள நகைச்சுவை என்றே தொடர்கிறேன்.