தேங்காய் அரைக்கும் சமையலறையில் ஃபுட் பிராசசருக்கு என்ன வேலை?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மிக்சியோ கிரைண்டரோ இல்லாத சமையலறையைக் காண்பது அரிது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம், சொந்தமாக வாங்க முடியாத பல வீடுகளுக்கும் அவற்றைக் கொண்டுசேர்த்தது. ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் நின்று ஃபுட் பிராசசருக்கு விலை கேட்பவர், வீட்டிலிருக்கும் இரண்டும் செய்யாத எந்த வேலையை இது செய்துதரும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு இந்த இயந்திரங்களின் ஜாருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மிக்சியின் அடியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சுமை இல்லாதபோது அது நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள் வரை சுழலும், 7 செ.மீ. அகலமுள்ள பிளேடு அந்த வேகத்தில் சுழன்றால் அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 66 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அரைக்கும்போது வேகம் வெகுவாகக் குறையும் என்றாலும், சமையலறையில் இதைவிட விரைவாக வெட்டும் கருவியைக் காண்பது அரிது. ஆனால் அரைபடும் பொருள் திரும்பத் திரும்பப் பிளேடிடம் வந்து சேர்ந்தால்தான் அந்த வேகத்தால் பயனுண்டு. தேங்காய்த் துருவலைத் தண்ணீர் விடாமல் ஓட்டினால் சில நொடிகளில் சத்தம் மாறுவதைக் கேட்கலாம்: கனத்த உறுமல் மெலிந்து கீச்சொலியாகிவிடும். துருவல் முழுவதும் ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ள, பிளேடு நடுவில் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து, வழித்துவிட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றி ஓட்டினால் ஒலி மறுபடியும் கனக்கும். பிளேடால் வெளியே வீசப்பட்ட நீர் சுவரில் ஏறி, நடுவில் விழும் சுழியில் தேங்காயையும் இழுத்துவந்து பிளேடின் மேல் போடுகிறது. ஜார் குறுகலாகவும் உயரமாகவும் இருப்பது இந்தச் சுழி உருவாவதற்காகவே.

ஃபுட் பிராசசர் பிறந்த சமையலறை வேறு. பிரான்சில் பியர் வெர்டான் உணவகங்களுக்கென வடிவமைத்த இயந்திரத்தைத் தழுவி, கார்ல் சோன்தைமர் 1973-இல் குசினார்ட் என்ற பெயரில் அமெரிக்க வீடுகளுக்கு அறிமுகப்படுத்தினார். காய்களை நறுக்குவதும் சீவுவதும், இறைச்சியைக் கொத்துவதும், மாவு பிசைவதும் அதன் வேலைகள். அகன்ற, தட்டையான கிண்ணத்தில் 'எஸ்' வடிவக் கத்தி நிமிடத்துக்கு 1,700 சுற்றுகள் அளவில் சுழலும், 18 செ.மீ. அகலக் கத்தியின் முனை வேகம் அப்போது நொடிக்கு 16 மீட்டர்தான். துண்டு துண்டாக நறுக்க அது போதும், விழுதாக்கப் போதாது. நான்கு பேருக்கான அரைமூடித் தேங்காயை அந்தக் கிண்ணத்தில் போட்டால், பாதி கத்திக்கு அடியிலும் பாதி ஓரத்திலும் தங்கிவிடும். சுழி உண்டாகட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால், கிண்ணத்தின் நடுவிலுள்ள குழல்வழியே அது கசிந்து மோட்டார்ப் பக்கம் இறங்கவும் கூடும்.

நம் மாவட்டத்துச் சமையலின் நடுநாயகம் அரைப்பு, அதாவது அரைத்த தேங்காய் விழுது, என்பதால் இந்த வேறுபாடு இங்கே பெரிதாகிறது. தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பும், அதைவிட அதிகமாகத் தண்ணீரும் உண்டு. கொழுப்பு முழுவதும் நுண்ணிய துளிகளாகச் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. செல்சுவர் உடைந்தால்தான் அது வெளியேறித் தண்ணீரோடு கலந்து பாலாகும். தேங்காயிலுள்ள புரதம் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுக்கும். மீன்குழம்புக்கு அரைப்பு பட்டுப்போல் இருக்க வேண்டும் என்று அம்மியில் அரைத்த தலைமுறை பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும் தேங்காயில் பெரும்பாலான செல்கள் உடைந்துவிடும். மிக்சி தண்ணீரின் துணையோடு அந்த நிலைக்கு அருகில் வருகிறது. ஃபுட் பிராசசரில் கிடைப்பது பொடிப்பொடியான தேங்காய். குழம்பில் அது திப்பியாக அடியில் தங்கும்.

வறுத்தரைத்த தேங்காயில் வைக்கும் குழம்பான தீயலில் இந்த அறிவியல் இன்னும் சுவையானது. தேங்காயைச் செம்பழுப்பாக வறுக்கும்போது அதிலுள்ள ஈரம் போய்விடுகிறது. சிறிய ஜாரில் ஓட்டினால் முதலில் தூளாகிறது, பிறகு ஈரமணல்போல் திரள்கிறது, சற்று நேரத்தில் எண்ணெய் விட்டுக் கரிய களிம்பாக இளகுகிறது. தண்ணீர் செய்ய வேண்டிய வேலையை வெளிவந்த எண்ணெயே செய்துவிடுகிறது. குறைந்த அளவும் குறுகிய ஜாரும் இருந்தால்தான் இது நடக்கும். அவியலுக்கோ தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாகச் சிதைந்தால் போதும். மிக்சியை விட்டு விட்டு ஓட்டினால் அதுவும் முடிந்துவிடும்.

சரி, காய் நறுக்கவாவது உதவுமா? அவியலுக்குச் சேனையும் நேந்திரங்காயும் வெள்ளரிக்காயும் விரல் நீளத்துக்கு, ஒரே பருமனில் வேண்டும். இயந்திரத்தோடு வரும் சீவும் தட்டும் துருவும் தட்டும் அப்படி வெட்டித்தராது. துவரனுக்கு (தேங்காய் சேர்த்த பொரியலுக்கு) முட்டைக்கோஸை சீவும் தட்டில் கொடுத்தால் அருமையாக வரும். அதையே 'எஸ்' கத்தியில் போட்டால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு கூழாகவும் வந்து, நசுங்கிய செல்களிலிருந்து நீர் வடிந்து, துவரன் வாணலியில் வெந்து குழையும். உள்ளிக்கு, அதாவது வெங்காயத்துக்கு, நேரும் கதி இன்னும் மோசம். உள்ளியின் செல்கள் உடையும்போது அல்லினேஸ் என்னும் நொதி, அதுவரை தனியாக இருந்த கந்தகச் சேர்மங்களைச் சந்தித்து நெடியை உண்டாக்குகிறது. கூர்மையான கத்தி சில செல்களை மட்டும் அறுக்க, சுழலும் கத்தி கணக்கற்றவற்றைச் சிதைக்கிறது. அதனால் நெடியும் காறலும் கூடிவிடுகின்றன. நாலு உள்ளிக்காகக் கிண்ணத்தையும் கத்தியையும் மூடியையும் கழுவுவது தனி வேலை.

மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) வேகவைத்து மயக்குவதற்கு, அதாவது மசிப்பதற்கு, மட்டும் இந்த இயந்திரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வெந்த கிழங்கில் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி வீங்கிச் செல்களுக்குள் இருக்கிறது. அகப்பையால் மசிக்கும்போது செல்கள் பெரும்பாலும் முழுதாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் கிழங்கு பூப்போல் இருக்கும். வேகமாகச் சுழலும் கத்தி செல்களைக் கிழித்து ஸ்டார்ச்சை வெளியேற்றிவிட்டால், கிண்ணத்தில் மிஞ்சுவது சுவரொட்டி ஒட்டும் பசைதான். எத்தனை மீன்குழம்பு ஊற்றினாலும் அதை மீட்க முடியாது.

ஆயினும் இந்த இயந்திரம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் உண்டு. ஓணத்துக்கோ கல்யாணத்துக்கோ வீட்டிலேயே நேந்திரங்காய் வற்றல் (சிப்ஸ்) போடுபவருக்குச் சீவும் தட்டு பெரிய வரம்: எல்லா வில்லைகளும் ஒரே கனத்தில் இருந்தால் எண்ணெயில் எல்லாவற்றின் ஈரமும் ஒரே நேரத்தில் வெளியேறும், ஒன்று கருகி ஒன்று சவசவவென்று நிற்காது. தினமும் இரவில் சப்பாத்தி சுடும் வீட்டில், மழுங்கிய பிசையும் கத்தி கோதுமைப் புரதங்களை இழுத்து நீட்டி, ஓரிரு நிமிடங்களில் மாவைத் திரட்டிவிடும். மூட்டுவலியால் துருவியில் குந்தியிருந்து தேங்காய் துருவ முடியாதவர்களுக்கு, இந்திய நிறுவனங்கள் உடன்தரும் சுழலும் தேங்காய்த் துருவி ஒன்றே கொடுத்த பணத்துக்குப் பதில் சொல்லிவிடும் என்பது என் கருத்து.

அப்படி வாங்குபவர் வாட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். மாவு பிசைய வேகத்தைவிட முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, முக்கியம். யுனிவர்சல் மோட்டாரின் சுழற்சி கெட்டி மாவில் தடைபட்டால் மின்னோட்டம் எகிறும். கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயரும். வார்னிஷ் தீயும் வாடை முதலில் வரும், பிறகு அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளி நின்று மின்சாரத்தைத் துண்டிக்கும். பெரிய கிண்ணம் பல்சக்கரத்தின் வழியே வேகம் குறைக்கப்பட்டுச் சுழல்கிறதா என்று கடையிலேயே கேட்டு, ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். தட்டும் கத்தியும் மழுங்கினால் தனியாக வாங்கக் கிடைக்குமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். வீட்டுக் கத்தியைப்போல் அவற்றைச் சாணைக்கல்லில் தீட்டிச் சமாளிக்க இயலாது.