அரோமற்றேஸ் தடுப்பி: 'ஓமோன் குளிசை' என்று நாம் சொல்வது எதை?

கிளிநொச்சிப் பக்கம், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் நாள்தோறும் போடும் குளிசைக்கு வீட்டில் 'ஓமோன் குளிசை' என்றுதான் பெயர். என் மாமியும் அப்படித்தான் சொல்லுவார். தெல்லிப்பழைக்குக் கிளினிக் போய் வந்த ஒருநாள் என்னிடம் கேட்டார்: "எனக்குத் தீட்டு நிண்டு பத்து வருசமாச்சுது. இனியேன் பிள்ளை எனக்கு ஓமோன்?"

கேள்வி சரி, பெயர்தான் பிழை. அது ஓமோன் தரும் குளிசை இல்லை, ஓமோன் உண்டாகாமல் தடுக்கும் குளிசை. மருத்துவர்கள் அதை அரோமற்றேஸ் இன்ஹிபிற்றர் என்பார்கள். அரோமற்றேஸ் நம் உடலிலுள்ள ஒரு நொதியம், இன்ஹிபிற்றர் என்றால் தடுப்பது. முதலில் அந்த நொதியத்தின் பெயரைப் பார்ப்போம்.

கிரேக்கத்தில் 'அரோமா' என்றால் வாசனைச் சரக்கு. பென்சீன் வகைச் சேர்வைகள் பலவற்றில் மணம் இருந்ததால் 19ஆம் நூற்றாண்டு இரசாயனவியலாளர்கள் அவற்றை அரோமற்றிக் என்றார்கள். 1865இல் கெக்குலே பென்சீனின் வளைய வடிவத்தை முன்வைத்தார். அதன்பிறகு சொல்லின் பொருள் மெல்ல மெல்ல மணத்தை விட்டு வளையத்துக்குப் போய்விட்டது. ஈற்றிலுள்ள 'ஏஸ்' நொதியத்தைக் குறிக்கும் விகுதி. 1833இல் பிரான்சில் பெயர் பெற்ற டயஸ்டேஸ் என்ற நொதியத்திலிருந்து வந்தது.

ஆண்களுக்கே உரியவை என்று நாம் நினைக்கும் அன்ட்ரோஜன் என்ற ஓமோன்கள் பெண்ணுடலிலும் உண்டு. அவற்றின் மூலக்கூறில் நான்கு வளையங்கள். முதல் வளையத்தை அரோமற்றேஸ் பென்சீன் போன்றதாக மாற்றியதும் அன்ட்ரோஜன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் ஆகிவிடும். இதில் மணத்துக்கு வேலையே இல்லை. அதனால் 'நறுமண நொதி' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். படிப்பவரை அது வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

சரி, மாமியின் கேள்விக்கு வருவோம். மாதவிடாய் உள்ள காலத்தில் ஈஸ்ட்ரோஜனின் பெருங்குளம் சூலகம். அது வற்றினாலும் அங்கங்கே துரவுகளில் ஊறும் தண்ணீர் மிச்சமிருக்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தரும் அன்ட்ரோஜனை, கொழுப்பிலும் தசையிலும் மார்பிலும் உள்ள அரோமற்றேஸ் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைப் புற்றுநோய்க்கு அந்த ஊற்றும் போதும். இந்தக் குளிசை அடைப்பது அதைத்தான். இதே நோய்க்குத் தரும் இன்னொரு குளிசையான தமொக்சிஃபென் வேறு: தண்ணீர் வரும், வயலின் வக்கடை மட்டும் மூடியிருக்கும். அதாவது ஈஸ்ட்ரோஜன் இருக்கும், புற்றுநோய்க் கலத்தில் அது வேலைசெய்ய விடாது. சூலகம் இயங்கும் இளம் பெண்களுக்கு அரோமற்றேஸ் தடுப்பி தனியே போதாது. சூலகத்தை அடக்கவும் மருந்து வேண்டும்.

இனித் தமிழ்ச் சொல். நம் பாடநூல்களில் இன்ஹிபிற்றருக்கு 'நிரோதி' என்று இருக்கிறது. வடமொழி நிரோதம் என்பதற்குத் தடுத்தல், அடக்குதல் என்று பொருள். பிழையில்லை, ஆனால் கிளினிக் வாங்கில் இருக்கும் ஒரு தாய்க்கு அது எதையும் சொல்லாது. எழுத்தில் 'அரோமற்றேஸ் தடுப்பி', பேச்சில் 'ஓமோன் தடுப்புக் குளிசை'. இதுதான் என் தெரிவு. நடுவிலுள்ள 'தடுப்பு' விழுந்துவிட்டால் பொருள் அப்படியே தலைகீழாகிவிடும். அப்புறம், உடம்புக்குப் புதிதாக ஓமோன் ஏற்றுகிறார்கள் என்று பயந்து குளிசையை ஒளிப்பவர்களும் இருப்பார்கள்.

குளிசை அட்டையில் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் என்று இருந்தால் ஈற்றைக் கவனியுங்கள். 'ட்ரோசோல்' என்பது இந்த இனத்துக்கென்றே மருந்துப் பெயரிடலில் ஒதுக்கிய ஈறு. மூன்றாவதான எக்ஸெமெஸ்டேன் அமைப்பில் வேறு, அதனால் பெயரும் வேறு. வழக்கமாக நாளுக்கு ஒன்று, பெரும்பாலும் 5 ஆண்டு, சிலருக்கு அதைவிடக் கூட.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூட்டு நோகும், உடல் திடீரெனக் கொதிக்கும், எலும்பு மெலியும். வயலுக்குள் குனிந்து நிமிரும் பெண்கள் முழங்கால் நோவை வயதின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், அல்லது யாருக்கும் சொல்லாமல் குளிசையை விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். நோவை மருத்துவரிடம் சொன்னால் இதே இனத்தில் வேறு குளிசைக்கு மாற்றலாம், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கலாம், கல்சியமும் விற்றமின் டியும் தரலாம்.

மாமியின் கிளினிக் கொப்பி அட்டையில் 'ஓமோன்' என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பேனையால் 'தடுப்பு' என்று சேர்த்துக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.