மரத்தடியில் மழை, புல்வெளியில் இல்லை

கூடாரத் துணியின்மீது பெரிய துளிகள் விழும் சத்தம் கேட்டு நான் விழித்தபோது மணி இரண்டு இருக்கும். மழை வரும் என்று வானிலை அறிவிப்பு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அது ஆகஸ்ட் மாதம், வட கலிபோர்னியக் கடற்கரையில் மழையே இல்லாத பருவம். மாலையில் கொடியில் உலரப் போட்டிருந்த துண்டு நினைவுக்கு வர, டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். துண்டைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகும் அளவுக்கு நனைந்திருந்தது. அதைக் காரில் போடலாம் என்று நாற்பது ஐம்பது அடி நடந்து புல்வெளியின் ஓரத்துக்கு வந்ததும் மழை நின்றுவிட்டது. காரின் கூரையில் கைவைத்துப் பார்த்தேன். லேசாகப் பிசுபிசுத்ததே தவிர, அதில் ஒரு துளிகூட இல்லை. திரும்பி மரத்தடிக்குப் போனால் மீண்டும் மழை.

நாங்கள் தங்கியிருந்தது பிரெய்ரி கிரீக் ரெட்வுட் மாநிலப் பூங்காவில் உள்ள எல்க் பிரெய்ரி என்ற முகாமிடத்தில். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஒரு பக்கம் எல்க் மான்கள் மேயும் புல்வெளி, மறுபக்கம் உலகிலேயே மிக உயரமாக வளரும் மர இனமான ரெட்வுட்டின் காடு, சில கிலோமீட்டர் மேற்கே பசிபிக் பெருங்கடல். கூடாரத்தைப் புல்வெளியோரத்தில் அடிக்காமல் மரத்தடியில் அடிக்கலாம் என்றது நான்தான். அதற்குக் காரணம் மார்கழி மாதத்து அனுபவம்: திறந்த வெளியில் நிறுத்திய வண்டியின் இருக்கை விடிகாலையில் நனைந்துகிடக்கும், வேப்பமரத்தடியில் நின்ற வண்டி காய்ந்திருக்கும்.

அந்த அனுபவத்தில் தவறொன்றும் இல்லை. தெளிந்த இரவில் தரையிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. வானத்திலிருந்து திரும்பி வருவது அதைவிடக் குறைவு என்பதால், வண்டியின் இருக்கை சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்று தன்னிடமுள்ள நீராவியைத் தாங்க முடியாமல் அங்கேயே இறக்கிவைக்கிறது. மரத்தடியில் இருக்கும் பொருளுக்கு மேலே வானம் இல்லை, இலைக்கூரை இருக்கிறது. இலைகள் காற்றின் வெப்பநிலையிலேயே இருப்பதால், பொருள் வீசும் அளவுக்கு அவையும் வெப்பத்தைத் திருப்பி வீசுகின்றன. அதனால் பனி இறங்குவதில்லை. நான் கவனிக்கத் தவறியது ஒன்றுதான்: இந்தக் கணக்கு தெளிந்த வானத்துக்கு உரியது. ரெட்வுட் காட்டில் கோடை இரவு தெளிந்த வானத்தோடு வருவது குறைவு.

கோடையில் இந்தக் கடற்கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று வீசுகிறது. பூமியின் சுழற்சியால் மேற்பரப்பு நீர் கரையைவிட்டு விலகிச் செல்ல, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகஸ்ட் மாத வெயிலிலும் இங்கே கடலில் கால்வைத்தால் எலும்பு வலிக்கும். கரையோர நீரின் வெப்பநிலை 10 முதல் 13 பாகை செல்சியஸ்தான். திறந்த பெருங்கடலின்மீது ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு வரும் காற்று இந்தக் குளிர்ந்த பட்டையைக் கடக்கும்போது குளிர்கிறது. 15 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 12.8 கிராம் நீராவியை வைத்திருக்க முடியும். 10 பாகையில் 9.4 கிராம்தான். மீதம் நுண்துளிகளாகிறது. அதுவே மூடுபனி.

அது உயரே எழுந்து கலைந்துபோகாமல் இருப்பதற்கு ஒரு மூடி இருக்கிறது. வட பசிபிக்கின் மேல் கோடை முழுவதும் நிலைகொள்ளும் உயரழுத்த மண்டலத்தில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது. ஆகவே கடலை ஒட்டிச் சில நூறு மீட்டர் உயரத்துக்குக் குளிர்ந்த ஈரக்காற்றும், அதன்மேல் வெப்பமான உலர்காற்றும் படிகின்றன. வழக்கமாக உயரம் கூடக்கூடக் குளிரும், இங்கே தலைகீழ். கனமான குளிர்காற்று மேலே எழ முடியாமல் அடைபட்டுக் கிடக்கிறது. (முகாமில் படுத்திருக்கும்போது கடல் பக்கத்தில் இருப்பதுபோல அலையோசை கேட்பதில் இந்த மூடிக்கும் பங்குண்டு, வெப்பமான காற்றில் ஒலி விரைந்து செல்வதால், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து கீழே திரும்புகிறது.) பகலில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் 40 பாகை வரை காயும்போது அங்கே மேலெழும் காற்றுக்கு ஈடாக இந்தக் கடற்காற்று ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே உள்ளே நுழைகிறது. இரவில் மூடுபனி அடுக்கின் உச்சி விண்வெளிக்கு வெப்பத்தை இழந்து மேலும் குளிர, அடுக்கு தடித்து, அதன் அடிப்பகுதி மரங்களுக்குள் இறங்கி, பின் தரையைத் தொடுகிறது.

அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில் அந்தத் துளிகளை நேராகப் பார்க்க முடிந்தது. அவை விழவில்லை, மிதந்தன. சூரிய ஒளிக்கற்றையில் தூசு திரிவதுபோல, என் மூச்சுக்கே விலகிச் சுழன்றன. மூடுபனித் துளியின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 10 மைக்ரான் துளி அசையாத காற்றில் விநாடிக்கு மூன்று மில்லிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். புல்வெளியில் நின்ற கார் ஏன் நனையவில்லை என்பதற்கு விடை இதுதான்: தண்ணீர் அதைச் சுற்றிலும் இருந்தது, ஆனால் விழுவதற்குரிய எடை அதற்கு இல்லை. மூடுபனியே மேகக் கூரையாகி வெப்பத்தைத் திருப்பி வீசியதால், மார்கழிப் பனியும் காரின்மேல் இறங்கவில்லை.

மரம் செய்வது, அந்தத் துளிகளைச் சேர்த்துக் கனமாக்குவது. பெரிய, தட்டையான பொருளை நோக்கி வரும் காற்று வெகு முன்னதாகவே இரண்டாகப் பிரிந்து வளைந்து போய்விடுகிறது. எடையற்ற துளிகளும் அதோடு வளைந்து தப்பிவிடுகின்றன. ஊசிபோல் ஒடுங்கிய பொருளின்முன் காற்று கடைசி நொடியில்தான் வளைகிறது. அந்தத் திடீர் வளைவில் துளியால் திரும்ப முடியாமல், நேரே போய் ஊசியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. விடிகாலையில் சிலந்தி வலை மட்டும் முத்துக் கோத்ததுபோல் நனைந்திருப்பதும், சிலி நாட்டின் வறண்ட கடற்கரையில் வலைகளைக் கட்டி மூடுபனியிலிருந்து குடிநீர் எடுப்பதும் இதே முறையில்தான். ரெட்வுட்டின் இலைகள் விரலளவு கிளைநுனியின் இருபுறமும் சீப்புப் பற்களைப்போல நிற்கும் ஒடுங்கிய இலைகள். நூறு மீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக அப்படிப்பட்ட சீப்புகளைக் காற்றின் வழியில் மாட்டிவைத்தால் எவ்வளவு சிக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தலைக்கு மேலே எட்டும் உயரத்தில் தொங்கிய ஒரு சிறு கிளையில் டார்ச்சை அடித்து நின்றேன். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு மணி தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நகர்ந்து அடுத்ததோடு சேர்ந்தது. சேர்ந்தது நடுநரம்பின் வழியே ஓடி, வழியில் இன்னும் நாலைந்தை வாரிக்கொண்டு, கிளையின் முனையில் வந்து ஊசலாடிப் பின் விழுந்தது. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சொட்டு உருவாக, 20 மைக்ரான் துளிகள் பத்து லட்சம் வேண்டும். என்னை எழுப்பிய ஒவ்வொரு ‘டப்’ ஒலியும் குறைந்தது பத்து லட்சம் துளிகளின் கூட்டு.

மரத்துக்கு இதனால் என்ன பயன் என்பதைத் திட்டமாக அளந்து சொன்னவர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டாட் டாசன். 1998இல் வெளியான அவருடைய மூன்றாண்டு ஆய்வின்படி, வட கலிபோர்னிய ரெட்வுட் காடு ஒன்றுக்கு ஆண்டில் கிடைக்கும் நீரில் சராசரியாக 34 சதவீதம் மரங்களிலிருந்து சொட்டிய மூடுபனி நீர். அதை எப்படிப் பிரித்தறிந்தார் என்பது ஆய்வின் அழகான பகுதி. நீர் மூலக்கூறுகளில் சிறு பங்கு, எடை கூடிய ஹைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டவை. நீராவி குளிரும்போது இந்தக் கனமான மூலக்கூறுகளே முந்தித் திரவமாகின்றன. கடலை விட்டு அகலாமல் அங்கேயே உருவாகும் மூடுபனியில் அவை மிகுந்திருக்கும். நெடுந்தூரம் வந்து, வழியெல்லாம் கனமானவற்றைக் கொட்டிவிட்டுப் பெய்யும் குளிர்கால மழையில் அவை குறைந்திருக்கும். ஆகவே ஒரு செடியின் தண்டிலிருந்து நீரை எடுத்து எடைபார்த்தால், அது குடித்தது மழையையா மூடுபனியையா என்று சொல்லிவிடலாம். கோடையில் ரெட்வுட் மரங்களுக்குள் இருந்த நீரில் ஏறத்தாழ 19 சதவீதமும், அடியில் வளரும் செடிகளுக்குள் இருந்ததில் ஏறத்தாழ 66 சதவீதமும் இப்படிச் சொட்டி மண்ணுக்குள் இறங்கிய மூடுபனியே. அந்த அடிச்செடிகளுள் ஒன்று, நம் ஊர்ப் புளியாரையின் பேரினத்தைச் சேர்ந்தது. மூன்று இலைகளோடு கூடாரத்தைச் சுற்றிக் கம்பளமாகப் படர்ந்திருந்தது. மரங்கள் இல்லாத இடத்தில் மூடுபனியிலிருந்து கிடைக்கும் நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. மூடுபனி அதே அளவு வந்தாலும், அதைப் பிடித்துத் தரைக்கு இறக்க ஆள் இல்லை.

மண்ணில் விழும் பங்கு வேருக்குப் போகிறது. உச்சிக்கு அது போதாது. 2006இல் கண்டறியப்பட்ட ஹைப்பீரியன் என்ற ரெட்வுட்டின் உயரம் 115 மீட்டருக்கு மேல். வேரிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு நீரை இழுக்க, உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் புவியீர்ப்பை எதிர்ப்பதற்கே 11 வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட இழுவிசை வேண்டும். உச்சியில் உள்ள இலை ஈரமண்ணின்மேல் நின்றுகொண்டே தாகத்தில் வாழ்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அந்த இலைகள் தம்மேல் படியும் ஈரத்தை நேராகவே உறிஞ்சிக்கொள்கின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ரெட்வுட்டில் இருவகை இலைகள் இருப்பதை எடுத்துக்காட்டியது: ஒருவகை உணவு தயாரிப்பதற்கு, தண்டை ஒட்டிய மற்றொருவகை பெரும்பாலும் நீர் உறிஞ்சுவதற்கு.

இனி, கூடாரத்துக்குள். நான் துண்டோடு திரும்பியபோது நண்பர் எழுந்து உட்கார்ந்து, கூடாரம் ஒழுகுகிறது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடாரம் ஒழுகவில்லை. ஒருவர் ஓரிரவில் மூச்சாலும் தோலாலும் வெளிவிடும் நீர் ஏறத்தாழ கால் லிட்டர். இருவருக்கு அரை லிட்டர். உள்ளே உடல்சூட்டில் சற்று வெதுவெதுப்பாக இருக்கும் காற்று அதைச் சுமந்து மேலே போய், வெளிக்குளிரின் வெப்பநிலையில் இருக்கும் துணியைத் தொட்டதும் அங்கேயே படியவைக்கிறது. மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும்வரை அது தெரியாது. வெளியே மரத்திலிருந்து ஒரு கனத்த சொட்டு விழுந்து துணியைத் தட்டும்போது, உள்பக்கத்து ஈரம் சாரலாக உதிர்ந்து முகத்தில் தெறிக்கிறது. வெளியே மூடுபனியின் நீர், உள்ளே எங்கள் மூச்சு. நடுவில் துணி ஒரு பறையாக நின்று ஒன்றின் தட்டலை மற்றொன்றுக்குக் கடத்திக்கொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து நாங்கள் காற்றுத் திறப்புகளை இறுக மூடிவைத்ததுதான் செய்த பிழை. வெளிக்காற்று நீரால் நிறைந்திருந்தாலும் அது குளிர்ந்த காற்று. உள்ளே வந்து சற்றுச் சூடானால் இன்னும் கொஞ்சம் நீராவியை ஏற்கும், அதோடு வெளியேறும். திறப்புகளைத் திறந்த பிறகு சாரல் குறைந்தது.

ஈரத்தோடு தூங்குவதில் கவனிக்க வேண்டியது தரை. உறக்கப்பை சூடு தருவதில்லை; இறகுகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று நம் சூட்டைப் போகவிடாமல் வைக்கிறது, அவ்வளவுதான். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் நனைந்த இறகுப்பை ஏறத்தாழப் பயனற்றது. முதுகுக்கு அடியில் அந்தக் காற்றும் நசுங்கிப்போவதால், அங்கே தடித்த பாய் ஒன்று இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பையானாலும் உதவாது. என் பழைய பாய் மெலிந்திருந்தது. மணி நான்கிலிருந்து நான் தூங்கவில்லை.

விடியும்போது மூடுபனி, ஆங்கிலத்தில் சொல்வதுபோல, மேலிருந்து ‘எரிந்து’ போவதில்லை. அதை ஊடுருவி வரும் வெயில் தரையைச் சூடாக்க, அடிப்பகுதி முதலில் கரைந்து மேலே ஏறுகிறது. எட்டு மணிக்கு அடிமரங்கள் தெளிவாகத் தெரிந்தன, நடுப்பகுதிக்கு மேல் எதுவும் இல்லை. இந்த மூடுபனி கோடைகளில் குறைந்துவருகிறது. பழைய வெப்பநிலைப் பதிவுகளைக் கொண்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம் என மதிப்பிட்டது.

பத்து மணிக்குக் கூடாரத்தைப் பிரித்தோம். சுற்றிலும் தரை கறுத்து ஊறிக்கிடக்க, கூடாரம் நின்ற இடத்தில் மட்டும் வெளிறிய, காய்ந்த செவ்வகம் ஒன்று தெரிந்தது. பரப்பு நான்கு சதுர மீட்டர் இருக்கும். இரவில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கே சொட்டியிருந்தாலும், புளியாரைக்கும் வேருக்கும் போக வேண்டிய நாலு லிட்டரை எங்கள் துணி வாங்கி ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது.